வீட்டைத் திருத்துமுன் ஒரு விண்ணப்பம்



மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். அவளுக்கென்று ஓர் அறை வேண்டும். குசினியில் புகை நிற்கிறது. பின்னால் ஒரு பத்தி இறக்கினால் நல்லது. மலசலகூடம் வளவின் மூலையில் இருப்பதால் இரவில் போய்வரப் பயமாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்கிறீர்கள். அவர் மேசனைக் கூட்டி வருகிறார். மேசன் கயிற்றைப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு கிழமையில முடிச்சித் தாறேன். இதுக்கெல்லாம் சபைக்கு எழுதத் தேவையில்லை" என்கிறார். மேசன் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் பின்னால் ஒரு நாள் கடிதம் வந்தால் அது மேசனின் பெயருக்கு வராது. உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்குத்தான் வரும். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் உங்கள் பெயர்.

விடத்தல்தீவைப் போன்ற ஊரில் இந்த விஷயத்துக்கு ஒரு தனிக் கனம் இருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் உடுத்த உடையோடு புறப்பட்டு, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் குடியேறினார்கள். விடத்தல்தீவு மக்களும் அவர்களில் அடக்கம். 2008 ஜூலையில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. 2009இல் யுத்தம் முடிந்தது. அதன் பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்களையும், சுவரில்லாத அத்திவாரங்களையும், ஊருக்குப் பெயர் தந்த விடத்தல் முள்மரம் முளைத்துக் கிடந்த முற்றங்களையும்தான்.

அந்தப் பழைய அத்திவாரத்தின் மேலேயே வீட்டை எழுப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் உள்ள ஆசை. உம்மாவும் வாப்பாவும் வாழ்ந்த இடம் அல்லவா? ஆனால் பழைய வீடுகள் ஒழுங்கையை ஒட்டிக் கட்டப்பட்டவை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் பத்தடிகூட இல்லாத வளவுகள் உண்டு. அக்காலத்தில் யாரும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறார்கள். அரச உதவியிலோ, 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 5,50,000 ரூபாவிலோ 550 சதுர அடி அளவில் வீடு கட்டிக்கொண்ட வடபகுதிக் குடும்பங்களுக்கும் இப்போது அந்த வீடு போதாமல் போயிருக்கிறது. ஓர் அறை கூட்டுவதென்றாலும் இதே கேள்விதான் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நூறாண்டு தாண்டிய பழைய சட்டம். புதிய வீட்டுக்கு மட்டும்தான் அனுமதி வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அச்சட்டத்தில் 'மாற்றம்' என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். வெளிச்சுவர் கட்டுவது, கூரை போடுவது, வெளிச்சுவரில் இருந்த கதவையோ ஜன்னலையோ அடைப்பது, இரண்டு சுவர்களுக்கு இடையிலுள்ள வெளியை மூடிக் கூரையிடுவது, ஓர் அறையைச் சேர்ப்பது எல்லாமே மாற்றம்தான். பத்தி இறக்குவதும் அதற்குள் வந்துவிடும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்திப் பிரதேசம் என்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களுக்கு 1986இல் தனி ஒழுங்குவிதிகள் வந்தன. 2021இல் அவை புதுப்பிக்கப்பட்டன. உங்கள் வளவு எதற்குள் வருகிறது என்பதை மாந்தை மேற்குப் பிரதேச சபையில் கேட்டால் சொல்வார்கள். எதற்குள் வந்தாலும் நீங்கள் போய் நிற்க வேண்டிய வாசல் சபையின் வாசல்தான்.

இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். விதி இருக்கிறது என்பதற்காக உங்கள் வீடு கட்ட முடியாததாகிவிடாது. தளர்வு கேட்க வழியுண்டு. நகர அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி சபையில் திட்டமிடல் குழு என்று ஒன்று இருக்கிறது. காணி சிறியது, பழைய அத்திவாரம் இன்ன இடத்தில் நிற்கிறது, இன்ன விதியை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலவில்லை என்று காரணத்தோடு அங்கே சமர்ப்பிக்கலாம். கட்டுமுன், படம் முழுதாக வரையுமுன்னரே, பூர்வாங்க அனுமதி கேட்கும் முறையும் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் படம் வரைந்த பிறகு மறுப்பு வருவதைவிட இது எவ்வளவோ மேல். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். மறுத்தால், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மேன்முறையீட்டுக்கு அந்தக் கடிதம் வேண்டும். கோப்பு எங்கே கிடக்கிறது என்றே தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கட்டி முடித்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்பவர்களும் உண்டு. மேலதிகக் கட்டணத்தோடு சில வேளை அது கிடைக்கும், கிடைக்காமலும் போகும். கிடைக்காத வேளையில் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், இடிக்கும் கட்டளையில் வந்து நிற்கலாம். நகையை அடகு வைத்து எழுப்பிய சுவரை இடிக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

பழைய வீட்டுக்காரருக்கு ஒரு பலம் உண்டு. அதைச் சொல்ல ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறேன். மதீனாவில் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரைப் பீலி, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நடந்துபோகும் பாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஜும்ஆ நாளில் உமர் (ரலி) சுத்தமான ஆடை அணிந்து வந்தபோது, மேலே இரண்டு குஞ்சுகள் அறுக்கப்பட்டு, அந்தக் கழிவுநீர் பீலி வழியாக அவர்கள் மேல் விழுந்தது. பீலியைக் கழற்றும்படி உத்தரவிட்டார்கள். பொதுப் பாதையில் நடப்போருக்கு இடைஞ்சல் என்றால் ஆட்சியாளர் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அப்பாஸ் (ரலி) வந்து, அந்தப் பீலியை அந்த இடத்தில் வைத்தவர்கள் நபி (ஸல்) அவர்களே என்று சாட்சி சொன்னார்கள். உடனே உமர் (ரலி), தம் முதுகின் மேல் ஏறி நின்று அதை இருந்த இடத்திலேயே மீண்டும் பொருத்தும்படி அப்பாஸை வற்புறுத்தினார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தி இது. அறிவிப்பாளர் தொடரைப் பற்றிச் சிலர் பேசியிருந்தாலும், உலமாக்கள் இதை எடுத்துச் சொல்லியே வந்திருக்கிறார்கள்.

அப்பாஸ் (ரலி) அவர்கள் சத்தம் போடவில்லை. சொந்தபந்தத்தைக் காட்டிச் சலுகையும் கேட்கவில்லை. நபியவர்களின் சிறிய தந்தை என்ற உறவைவிடப் பெரிய உறவு யாருக்கு இருக்கிறது? இது முன்பே அனுமதியோடு இருந்தது என்ற ஆதாரத்தைத்தான் வைத்தார்கள். உங்களிடமும் அதுதான் இருக்க வேண்டும். 1990க்கு முந்திய உறுதி, நில அளவைப் படம், சோலைவரி கட்டிய துண்டு, பழைய மின்சாரப் பட்டியல், வீட்டு வாசலில் நின்று எடுத்த கல்யாணப் புகைப்படம் என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஓடி வந்தபோது எல்லாம் போய்விட்டது என்பீர்கள். பதிவு செய்த உறுதியென்றால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தில் பதிவு இருக்க வேண்டும். வீடு இன்ன ஆண்டில் இங்கே நின்றது என்பதற்குக் கிராம அலுவலரின் கடிதமும், ஊர்ப் பெரியவர்கள் இருவரின் சத்தியக் கடதாசியும் துணையாகும். விதி வருமுன்பே பிரிக்கப்பட்ட சிறு காணி என்று காட்ட முடிந்தால் அது உங்கள் வழக்குக்குப் பெரிய பலம். 1986 ஒழுங்குவிதிகளின்படி வீட்டுக் காணிக்குக் குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது கிட்டத்தட்ட ஆறு பேர்ச்சஸ் வேண்டும். பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துப் பிரித்து எங்கள் வளவுகள் பலவும் அந்த அளவுக்கு வந்துவிட்டன.

எதில் தளர்வு கேட்கலாம், எதில் கேட்கவே கூடாது? என் கணக்கு மிகவும் எளிது. உங்களுக்கு மட்டும் வசதிக்குறைவைத் தரும் விதியில் கேளுங்கள்; இன்னொருவரின் உடலுக்கோ மானத்துக்கோ காவலாக நிற்கும் விதியில் கேளாதீர்கள். கேடு செய்யவும் கூடாது, கேட்டுக்குக் கேடு செய்யவும் கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. நெருக்கடி வந்தால் தடை தளரும். ஆனால் நெருக்கடியின் அளவுக்கு மட்டும்தான் தளரும் என்பதும் அதே வரிசையில் வருவதே. ஓர் அறைக்கு இடம் வேண்டுமென்று தளர்வு வாங்கியவர், அதைக் காட்டிக் கடையும் கட்டிவிடக் கூடாது.

மலசலகூடக் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் வையுங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். வளவு சிறியது, அதனால் இருபது அடியில் வைக்கிறேன் என்று கேட்பது தளர்வே அல்ல. கரையோர மணலில் தண்ணீர் வேகமாகக் கீழே இறங்கும். உங்கள் கிணறு தப்பினாலும் வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுக் கிணறு இருக்கிறதே! அவர்கள் கத்தோலிக்கராக இருக்கட்டும், இந்துவாக இருக்கட்டும், எங்கள் ஆட்களாக இருக்கட்டும், அண்டைவீட்டார் ஹக்கு ஒன்றுதான். இடமில்லாவிட்டால் இரண்டு வீட்டுக்காரரும் பேசி, இரு கிணற்றுக்கும் தூரமான மூலையில் குழியை வைக்கலாம். அல்லது அடி கட்டப்பட்ட தொட்டியாகக் கட்டி, நிரம்பும்போது எடுப்பித்துக்கொள்ளலாம். பரிசோதகரை முதலிலேயே அழைத்துக் காட்டுங்கள். அவர் ஒரு வழி சொல்வார்.

முன்பக்கத்தில் விட வேண்டிய இடைவெளியும், பின்பக்கம் விட வேண்டிய 2.3 மீற்றரும் (ஏழரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்) வேறு வகை. பின்னால் இருப்பது வெறும் வயல் அல்லது உங்கள் சகோதரியின் வளவு என்றால், அங்கே ஓரிரண்டு அடி குறைவதற்கு அனுமதி கேட்பதில் தப்பில்லை. ஒழுங்கைப் பக்கம் கேட்பதென்றால் கொஞ்சம் யோசியுங்கள். பாதையின் அகலம் பற்றித் தகராறு வந்தபோது ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் பாடநூலான இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' பொதுப் பாதைக்கு மேல் நீட்டப்படும் கட்டடத்தைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. கீழே நடப்பவர் குனியாமல் நிமிர்ந்து போகுமளவுக்கு உயரம் வேண்டும்; அது ஒட்டகக் கூட்டங்கள் போகும் பாதை என்றால், மேலே கூடாரப் பல்லக்கு வைத்த ஒட்டகமும் முட்டாமல் போக வேண்டும். மதரஸாவில் இதைப் பாடம் நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பார்கள், எங்கள் ஊரில் ஒட்டகம் ஏது என்று. ஒட்டகம் இல்லை, ஜனாஸா சந்தூக் இருக்கிறது, அம்புலன்ஸ் இருக்கிறது, தண்ணீர் பவுசர் இருக்கிறது. உங்கள் படிக்கட்டையும் மதிலையும் தாண்டி இந்த மூன்றும் திரும்பிப் போக முடியுமா என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். வீதிக்கோட்டுக்குள் மதில் போன்றவற்றுக்கு அனுமதி தரும்போது, பாதையை அகலமாக்கினால் நட்டஈடு கேட்கமாட்டேன் என்று எழுதி வாங்குவதுண்டு. அதில் கையொப்பமிடுமுன் வாசித்துப் பாருங்கள். எழுதிக் கொடுத்தால் பிறகு அழுது பயனில்லை.

ஜன்னல் விஷயத்தில்தான் பெண்களுக்கு அதிக மனக்கஷ்டம். அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வெளிச்சம் வரும் திறப்பு வேண்டும் என்பது 1986 விதிகளில் கண்ட அளவு. பத்துக்குப் பத்தடி அறைக்கு ஏறத்தாழ 14 சதுர அடி. "அவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தால் அடுத்த வீட்டு ஆம்பிளைகள் பார்ப்பார்களே மௌலவி, ஜன்னலே வேண்டாமென்று எழுதித் தரமுடியாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சகோதரிகளே, காற்றும் வெளிச்சமும் இல்லாத அறையில் நாளெல்லாம் இருக்கப்போவது நீங்களும் குழந்தைகளும்தான். காசநோய்க் கிருமி காற்றோட்டமில்லாத அறையில்தான் ஒருவரிலிருந்து ஒருவருக்கு எளிதாகப் பரவுகிறது. விறகுப் புகை நெஞ்சை எப்படி அரிக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இந்த விதியில் தளர்வு கேட்காதீர்கள். வேறு வழி இருக்கிறது.

எகிப்தின் புதிய நகரமான ஃபுஸ்தாத்தில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) ஒரு மேல்மாடி அறை கட்டினார்கள். அயலாரின் வீட்டுக்குள் பார்வை விழுகிறது என்ற பேச்சு கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியது. அவர்கள் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதிய உத்தரவை வரலாற்றாசிரியர் இப்னு அப்துல் ஹகம் குறித்து வைத்திருக்கிறார். அந்த அறைக்குள் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையுமில்லாத ஒரு மனிதரை அதன் மேல் நிற்க வைத்துப் பாருங்கள். ஜன்னலால் எட்டிப் பார்க்க முடிந்தால் இடித்துவிடுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இந்த முறை எவ்வளவு நீதியானது!

பிற்காலத்தில் உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின்படி தொகுத்த 'மஜல்லா' சட்டத்தொகுப்பும் இதே வழியில்தான் போகிறது. குசினி, கிணற்றடி, வீட்டு முற்றம் ஆகிய மூன்றையும் பெண்கள் புழங்கும் இடம் என்று அது பெயர் சொல்லியே குறிக்கிறது. இங்கே பார்வை விழுந்தால் மதிலோ பலகைத் தட்டியோ போட்டு மறைக்கச் சொல்கிறது. ஆனால் ஜன்னலை ஒரேயடியாக அடைத்துவிடு என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் ஜன்னலை, யாராவது ஏணி வைத்துப் பார்த்துவிடுவார்கள் என்று சொல்லி அடைக்கச் சொல்லவும் முடியாது. எங்கள் ஷாஃபிஈ நூல்கள் தன் சுவரில் வெளிச்சத்துக்காகத் திறப்பு வைத்துக்கொள்ள உரிமையாளருக்கு இன்னும் தாராளமாகவே இடம் தருகின்றன.

அப்படியானால் செய்ய வேண்டியது தெளிவு. அடுத்த வீட்டுக் கிணற்றடியைப் பார்க்கும் பக்கத்தில் ஜன்னலின் அடிவிளிம்பை ஆறடிக்கு மேலே தூக்குங்கள். அகலத்தைக் கூட்டிக்கொண்டால் பரப்பு சரியாகிவிடும். மீதியை உங்கள் முற்றத்துப் பக்கம் வையுங்கள். எல்லையோடு ஒட்டிய சுவரில் ஜன்னல் வைக்கப் பொதுவாக விடமாட்டார்கள். ஆகவே அந்தச் சுவரை எல்லையிலிருந்து சற்றுத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். படம் வரைபவரிடம் இதை நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும். வீட்டில் எந்த இடத்தில் யார் எந்த நேரம் நிற்பார் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கும் பாதிதான் தெரியும்.

கடலையொட்டி வளவு உள்ளவர்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதானால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சிறிய வீடென்றால் பிரதேச செயலகத்தில் போய்க் கேட்டாலே வழி சொல்வார்கள். ஊரைச் சுற்றியுள்ள கண்டல் காடும் களப்புமாக 29,180 ஹெக்டேயர் 2016இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் எல்லை உங்கள் காணியைத் தொடுகிறதா என்பதை அளவைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டலை வெட்டி வளவைப் பெருப்பிக்க எந்தச் சபையும் தளர்வு தராது, தரவும் கூடாது. 2024இல் நீருயிர் வளர்ப்புக்காக அந்த ஒதுக்கத்தில் 168 ஹெக்டேயரை நீக்கி வர்த்தமானி வந்ததும், சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் போனதும் பத்திரிகைகளில் வந்த செய்தி. குசினிக்கு நான்கு அடி கேட்கும் ஏழைப் பெண் நான்கு அலுவலகம் ஏறி இறங்கும் நாட்டில் இப்படியும் நடக்கிறது என்று பெருமூச்சு விடத்தான் தோன்றுகிறது. ஆனாலும் நாம் நேர்வழியால்தான் போக வேண்டும்.

கூட்டாகக் கேட்பதில் பலன் உண்டு என்பதற்குச் சுனாமி ஒரு சாட்சி. 2004 டிசம்பருக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டத் தடை வலயம் அறிவிக்கப்பட்டது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போல வீட்டோடு வீடு ஒட்டிய எங்கள் ஊர்களில் 200 மீற்றரை விட்டால் ஊரே மிஞ்சாது. முழுதாக இடிந்த வீட்டுக்கு 2,50,000 ரூபாவும் பகுதியாக இடிந்ததற்கு 1,00,000 ரூபாவும் கொடுத்த அரசு, கட்டும் இடத்தைக் காட்ட முடியாமல் திணறியது. மக்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். ஓராண்டு போவதற்குள் அந்தத் தூரங்கள் இடத்துக்கு ஏற்றபடி குறைக்கப்பட்டன. ஒரே ஒழுங்கையில் பத்து வீட்டுக்கும் ஒரே குறை என்றால் பத்துப் பேரும் ஒரு மனுவில் கையொப்பமிடுங்கள். மஹல்லாவின் பள்ளிவாசல் நிர்வாகம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

உறுதி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குப் போகிறது. (மார்க்கத்தில் மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண். பெண்வீட்டார் வீடு கட்டிக் கொடுக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி இன்னொரு சந்தர்ப்பத்தில் எழுதுகிறேன். இப்போது எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும்.) உரிமையாளர் நீங்களானால் விண்ணப்பமும் உங்கள் பெயரில்தான். வெற்றுத் தாளில் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். உறுதி இன்னும் புத்தளத்தில் வஃபாத்தான மூத்தம்மாவின் பெயரில் இருந்தால், வாரிசுகள் எல்லோரும் உரிமையாளர்கள். மற்றவர்களின் சம்மதமில்லாமல் சுவர் எழுப்பினால் நாளைக்குச் சகோதரங்களுக்குள்ளேயே வழக்கு வரும். முதலில் ஃபராஇள் முறைப்படி பங்கைத் தீர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, விடத்தல்தீவுக்கே உரிய ஒரு சங்கடம். பக்கத்து வளவு வெறுமையாகக் கிடக்கிறது. அவர்கள் 1990இல் போனவர்கள், திரும்பி வரவில்லை. புத்தளத்திலோ கொழும்பிலோ இருக்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பமென்றால் இந்தியாவுக்கோ கனடாவுக்கோ போயிருக்கலாம். கேட்க ஆளில்லை என்று எல்லையை ஓரடி தள்ளுவதும், கூரைத் தண்ணீரை அவர்கள் பக்கம் விடுவதும், அவர்களின் கிணற்றடியைப் பார்க்க ஜன்னல் வைப்பதும் நடக்கிறது. ஊரில் இல்லாதவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள ஃபிக்ஹில் இடமில்லை. எங்கள் காணிகளும் இருபது ஆண்டுகள் அப்படித்தானே கிடந்தன? யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் ஒரு விசேட சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வழக்குத் தொடர அது தந்த இரண்டாண்டு அவகாசம் முடிந்துவிட்டது. அது காக்க நினைத்த ஹக்கு முடியவில்லை.

ஆகவே விண்ணப்பத்தோடு இணைக்க அவர்களிடமும் ஒரு சம்மதக் கடிதம் வாங்குங்கள். பள்ளிவாசலிலோ கோயிற்பற்றிலோ விசாரித்தால் தொலைபேசி எண் கிடைத்துவிடும். வளவின் எந்தப் பக்கம், எல்லையிலிருந்து எத்தனை அடி, ஜன்னல் எத்தனை அடி உயரத்தில், கூரைத் தண்ணீர் எங்கே விழும் என்பதையெல்லாம் கடிதத்தில் விவரமாக எழுதி, படத்தின் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மூன்று பிரதி எடுத்தால் போதும்: ஒன்று சபைக்கு, ஒன்று உங்கள் உறுதிக் கட்டோடு, ஒன்று அவர்களுக்கு.